அக்காவின் தக்காளியும் வெடிப்புத் தடுப்பு இயக்குநரகமும்

மழைக்காலத்தில் தக்காளி வெடிக்கிறது. இது ஒரு நாட்டுக்கு அழகல்ல என்று மேலிடம் முடிவு செய்தது. முடிவு செய்தால் மட்டும் போதுமா? செயல்படுத்த ஓர் அலுவலகம் வேண்டும். அலுவலகம் என்றால் பெயர்ப்பலகை வேண்டும். பலகைதான் முதலில் தயாரானது. ‘மழைக்காலத் தக்காளி வெடிப்புத் தடுப்பு இயக்குநரகம்’ என்று எழுதியபோது பலகை நீண்டுகொண்டே போனதால், அதை மாட்டும் அளவுக்கு அகலமான கட்டடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் சில மழைக்காலங்கள் ஓடிவிட்டன. அந்தக் காலத்தில் வெடித்த தக்காளிகளை யாரும் குறை சொல்ல முடியாது. அவற்றைத் தடுக்க ஆள் இல்லை.

தக்காளி இரண்டு விதமாக வெடிக்கும். காம்பைச் சுற்றி வட்டமாக வெடிப்பது ஒன்று. காம்பிலிருந்து கீழே நெடுக்காகப் பிளப்பது இன்னொன்று. ஆகவே அலுவலகத்தில் வட்ட வெடிப்புப் பிரிவு, நெடுக்கு வெடிப்புப் பிரிவு என இரண்டு பிரிவுகள் இருந்தன. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வட்டமாகவும் நெடுக்காகவும் ஒருசேர வெடித்த தக்காளி ஒன்று எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று தெரியாமல் வராந்தா மேசையிலேயே கிடந்து, அழுகி, கடைசியில் துப்புரவுப் பிரிவைப் போய்ச் சேர்ந்தது.

இந்த அலுவலகத்தில் துணை அலுவலர் ஒருவர் இருந்தார். எந்தக் கூட்டத்திலும் நடுவில் எழுந்து “ஆனா…” என்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். “ஒண்ணுமில்ல சார்” என்று உட்கார்ந்துவிடுவார். அதனால் அவருக்கு ஆனா சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை.

ஆனா சாருக்குத் தக்காளி ஏன் வெடிக்கிறது என்று தெரியும். இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று மழைத் தண்ணீர் கிடைத்தால் பழம் மடமடவென்று உப்பும். தோல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிளந்துகொள்ளும். மண் ஒரே சீராக ஈரமாக இருக்க வேண்டும், மேலே வைக்கோல் பரப்ப வேண்டும், மேகம் கூடினால் நிறம் மாறத் தொடங்கிய செங்காய்களைப் பறித்து வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். வேலையில் சேர்ந்த புதிதில் இதை அரைப் பக்கத்தில் எழுதி இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவருடைய வாழ்க்கையிலேயே அவர் செய்த துணிச்சலான காரியம் அது.

இயக்குநர் நல்ல மனிதர். யார் எது சொன்னாலும் கடைசிவரை கேட்பார். கேட்ட பிறகு, முன்பே நினைத்து வைத்திருந்ததைச் செய்வார். அரைப் பக்கத்தைப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு முகம் வாடினார்.

“என்னய்யா இது, ‘செங்காய்களைப் பறிக்கவும்’னு எழுதியிருக்கீங்க?”

“ஆமா சார். பறிச்சு உள்ள வெச்சா அதுபாட்டுக்குப் பழுத்துடும். வெடிக்காது.”

“பறிக்கிறதுக்குப் பேரு என்ன?”

“அறுவடை சார்.”

“அறுவடை எந்தத் துறை?”

“அறுவடைத் துறை சார்.”

“செடியில இருக்கிற வரைக்கும்தான் அது நம்ம தக்காளி. பறிச்ச நிமிஷம் அவங்க தக்காளி. நம்ம தக்காளியை எல்லாம் தூக்கி அவங்க கையில கொடுத்துட்டு, நாம இங்க உட்கார்ந்து எதைத் தடுக்கிறது?”

“ஆனா…”

“என்ன?”

“ஒண்ணுமில்ல சார்.”

அன்றோடு அந்த அரைப் பக்கம் முடிந்தது. ஆனா சாரும் அதை மறந்திருப்பார். அவருக்கு ஓர் அக்கா இருந்ததுதான் தொல்லையாகப் போயிற்று.

அக்கா ஊருக்கு வெளியே குத்தகை நிலத்தில் தக்காளி போட்டிருந்தாள். முந்தைய பயிர் பூச்சி அரித்துப் போயிருந்தது. நிலக்காரர் வரப்பில் நின்று பல்லைக் குத்திக்கொண்டே, “இந்தத் தடவையும் விளைச்சல் சரியில்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கத்திச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சாதாரணமாகச் சொன்னதால்தான் அக்கா அதை நம்பினாள். அந்த நிலத்தை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் இயக்குநரகம் ஒரு மாதிரித் தோட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தது. மாதிரித் தோட்டம் என்றால் வைக்கோல் இலவசம், சொட்டு நீர்க் குழாய் இலவசம் என்று கேள்விப்பட்ட ஆனா சார், அக்காவின் தோட்டத்தை முன்மொழிந்தார். பாசத்தில் செய்தது. அரசாங்க வேலையில் இருப்பவர்கள் கூடப் பிறந்தவர்களுக்கு நல்லது செய்ய நினைக்கும்போதுதான் கைநடுக்கம் வர வேண்டும். நம் ஆளுக்கு அப்போது பார்த்து வரவில்லை.

தோட்டம் தேர்வாயிற்று. வைக்கோல் வரவில்லை. ‘இங்கு வைக்கோல் பரப்பப்படும்’ என்ற பலகை வந்தது. குழாய் வரவில்லை; குழாயைத் திறந்து வைக்கப்போகிறவரின் படம் வந்தது. நான்கு மூலையிலும் நான்கு ஒலிபெருக்கிகள் வந்தன. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: இயக்குநர் நேரில் பார்வையிட்டுத் திட்டத்தைத் தொடங்கி வைக்கும் வரை மாதிரித் தோட்டத்தில் ஒரு காயையும் யாரும் தொடக் கூடாது.

“ஒலிபெருக்கி எதுக்குடா?” என்றாள் அக்கா.

ஆனா சார் வேறு பக்கம் பார்த்தார். அது எதற்கு என்று அவருக்குத் தெரியும். வெளியே சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

நகரத்தில் அப்போது ஒரு வாழ்வியல் பயிற்சியாளர் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். மனிதர்களுக்கு வரும் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் ‘போதும்’ என்று சொல்லத் தெரியாததுதான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வங்கி ஊழியர்கள், பல் மருத்துவர்கள், கல்யாணமாகிப் பல வருடமான தம்பதிகள் எல்லோரும் அரங்கில் உட்கார்ந்து கையை உயர்த்தி “போதும், போதும்” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மைக்கைப் பிடித்தால் அந்த வார்த்தையைச் சொல்லத் தெரியாதவர் அந்தப் பயிற்சியாளர் ஒருவர்தான். இயக்குநரின் வீட்டம்மா அவருடைய வகுப்புக்குப் போய் வந்தார். அடுத்த வாரம் பயிற்சியாளர் இயக்குநரகத்துக்கு வந்துவிட்டார்.

“தண்ணி ஒரு பிரச்சினையே இல்ல,” என்றார் பயிற்சியாளர். “வர்றதை எல்லாம் வாங்கி உள்ள வெச்சுக்கிது பாருங்க, அந்த மனநிலைதான் பிரச்சினை. தக்காளிக்கு மறுக்கத் தெரியல.”

வட்டப் பிரிவும் நெடுக்குப் பிரிவும் முதன்முறையாக ஒரே நேரத்தில் தலையாட்டின.

“முதல்ல அதுங்களுக்கு மூச்சுப் பயிற்சி. நல்லா ஆழமா மூச்சை உள்ள இழுத்து…”

ஆனா சார் எழுந்தார். “ஆனா… உள்ள இழுத்தா இன்னும் உப்பிடுமே சார்?”

பயிற்சியாளர் அவரைக் கனிவோடு பார்த்தார். “உங்களுக்குள்ள நிறைய பயம் இருக்கு” என்றார். மூச்சுப் பயிற்சி மட்டும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அன்றிலிருந்து அக்காவின் தோட்டத்தில் காலையும் மாலையும் ஒலிபெருக்கி பேசியது. “நீங்கள் அழகானவர்கள். வருவதை எல்லாம் ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. போதும் என்று சொல்லுங்கள்.” தக்காளிகள் வாய் திறக்கவில்லை. களையெடுக்க வந்தவர்களுக்குத்தான் பயிற்சி நன்றாகப் பலித்தது. பாதி வேலையில் களைக்கொத்தைக் கீழே போட்டு, “போதும்கா” என்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மீதிக் களையை அக்காவே எடுத்தாள்.

ஒரு காலை மேற்கே மேகம் கருக்கலிட்டது. காற்றில் மண் வாசனை வந்தது. தோட்டத்தில் காய்கள் அத்தனையும் பச்சை மாறிச் செம்மை தட்டி நின்றன. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லோரும் கூடையும் கையுமாக இறங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் வரப்பில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு ஊத்திடும். பறிச்சுடட்டுமா?”

பறி என்று சொல்ல ஆனா சாருக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. “இயக்குநர் நாளைக்குத்தான் வர்றாருக்கா…” என்று இழுத்தார்.

“பறிச்சா உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுமா?”

அவர் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டு நின்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். “சரி விடு” என்றாள். அந்த ‘சரி விடு’ ஆனா சாரைச் சுட்டது. நேராக அறுவடைத் துறைக்கு வண்டியை விட்டார்.

அறுவடைத் துறை அதிகாரி தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு தோட்டத்துல அவசரமாப் பறிக்கணும். உங்க துறை அனுமதி கொடுத்தா…”

“பழமா, காயா?”

“செங்காய் சார். ரெண்டுக்கும் நடுவுல.”

“பழுத்தாத்தான் சார் எங்க துறை. நடுவுல இருக்கிறதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? நல்லாப் பழுக்கட்டும், வாங்க.”

“பழுக்கறதுக்குள்ள மழை வந்து வெடிச்சிடும் சார்.”

“வெடிச்சா அது சேத மதிப்பீட்டுத் துறை. ரெண்டாவது மாடி.” பிஸ்கட் ஒடிந்து தேநீருக்குள் விழுந்தது. அதிகாரி அதற்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

மறுநாள் விழா. தோட்டத்தின் ஓரத்தில் மழை ஒரு சொட்டுக்கூட ஒழுகாத தார்ப்பாயில் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். அதை அப்படியே இழுத்துக் கட்டியிருந்தால் அக்காவின் தோட்டம் முழுவதையும் மூடியிருக்கலாம். அதன் கீழே நாற்காலிகள் இருந்தன. நாற்காலிகளில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள், நேற்றே பறித்துக் கூடையை வீட்டுக்குள் வைத்துவிட்ட நிம்மதியில், இலவசமாகக் கொடுத்த சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். நிலக்காரரும் முன்வரிசையில் இருந்தார். பல்குத்தும் குச்சி இன்னும் அவர் வாயில்தான் இருந்தது.

இயக்குநர் மேடையில் நடந்துகொண்டே பேசினார். நின்று பேசுவது பழைய பாணி என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அதற்காகச் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கைக் குத்தியிருந்தார்கள். “இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க தருணத்தில் ஒவ்வொரு தக்காளியும் தன்னம்பிக்கையோடு தலைநிமிர்ந்து…” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது வானம் உறுமியது. அக்கா கடைசி வரிசையில் எழுந்து நின்றாள். அவளால் உட்கார முடியவில்லை. ஆனா சார் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் இயக்குநரின் கைப்பேசி அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஒரு நிமிஷம் என்று கூட்டத்துக்கு விரலைக் காட்டிவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போனார். காலரில் இருந்த மைக்கும் கூடவே போனது.

நான்கு மூலை ஒலிபெருக்கிகளும் முழங்கின.

“என்ன, அங்கயும் மழை வருதா? … மொட்டைமாடித் தக்காளியா? … ஏம்மா, என்னைக் கேட்டுக்கிட்டு நிக்கிறியே! போய்ப் பறி! … செங்காயையும் சேர்த்துத்தான்! ஒண்ணு விடாம பறிச்சு உள்ள வை! நனையவிட்டா வெடிச்சுத் தொலைச்சிடும், இதுகூடவா தெரியாது? கூடையை எடுத்துக்கிட்டு ஓடு!”

பந்தலில் இருந்த தொப்பிகள் எல்லாம் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பின. முதலில் அக்காவுக்குத்தான் விளங்கியது.

“ஐயாவே உத்தரவு போட்டுட்டாரு!” என்று கத்திக்கொண்டு பாத்திக்குள் பாய்ந்தாள்.

அரசாங்க உத்தரவு காதில் விழுந்தால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கூடை போதவில்லை. தொப்பிகளில் பறித்தார்கள், நாற்காலியைக் கவிழ்த்துக் கால்களுக்கு நடுவில் நிரப்பினார்கள், ஆனா சார் சட்டையைக் கழற்றி மூட்டையாகக் கட்டினார். நிலக்காரர்கூடக் குச்சியைத் துப்பிவிட்டு ஒரு பாத்தியைப் பார்த்துக்கொண்டார். கடைசிக் கூடை பந்தலுக்குள் வந்ததும் மழை கொட்டத் தொடங்கியது. அக்கா தக்காளிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். ஆனா சாருக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்து அழுகை வந்துவிட்டது.

இயக்குநர் வீட்டம்மாவோடு நீண்ட பேச்சை முடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது மேடைக்கு முன்னால் பயிற்சியாளர் மட்டும் தனியாக மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

“யாரு பறிக்கச் சொன்னது?” என்று இயக்குநர் இடிபோல முழங்கினார். ஒலிபெருக்கி வேறு அதை நான்கு மடங்காக்கியது.

“நீங்கதாங்க ஐயா” என்றார்கள் எல்லோரும்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பத்திரிகை நிருபர் ஒருவர் முன்னால் வந்தார். “ஐயா, ஒரு தக்காளிகூட வெடிக்கல. கடைசி நிமிஷத்துல இப்படி ஒரு முடிவை எப்படி எடுத்தீங்க?”

இயக்குநர் குவியலைப் பார்த்தார். முழுசு முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் மின்னின. அவர் முகத்தில் கோபம் அடங்கி அடக்கம் பரவியது.

“பல வருட ஆராய்ச்சி” என்றார்.

“அறுவடை உங்க துறை இல்லையே ஐயா?”

“இது அறுவடை இல்ல. அவசரகால இடமாற்றம்.”

அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் நான் பொறுப்பல்ல. தர்க்கம்தான் பொறுப்பு. வெற்றி கிடைத்துவிட்டதால் அதை முறையாக வகுத்து எல்லா ஊருக்கும் விரிவுபடுத்த வேண்டும் என்று மேலிடம் விரும்பியது. விதிகளை எழுதும் வேலை ஆனா சார் தலையில் விழுந்தது. அவர் ஆசையோடு பழைய அரைப் பக்கத்தை மறுபடி எழுதினார்: மேகம் கூடினால் செங்காய்களைப் பறிக்கவும்.

“உங்களுக்கு அறிவியல் தெரியல,” என்றார் இயக்குநர். “அன்னைக்கு எப்படி ஜெயிச்சோம்? நான் போன் பேசினேன். யார்கிட்ட? வீட்டம்மாகிட்ட. எதைப் பத்தி? மொட்டைமாடித் தக்காளியைப் பத்தி. எங்க கேட்டுச்சு? ஒலிபெருக்கியில. இதுல ஒண்ணை எடுத்தாலும் அது வேற முறை. வேற முறைக்கு நாம உத்தரவாதம் கொடுக்க முடியுமா?”

“ஆனா… மேகம்…”

“மேகம் எல்லா வருஷமும்தான்யா வருது. எல்லா வருஷமும் வெடிக்கத்தானே செஞ்சுது?”

ஆனா சார் உட்கார்ந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் நானும் உட்கார்ந்திருப்பேன்.

ஆகவே விதிகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒலிபெருக்கி. மேகம் கூடினால் இயக்குநர் தம் இல்லத்துக்குத் தொலைபேசுவார். பேச்சு எல்லாத் தோட்டங்களிலும் ஒலிக்கும். அதன் பேரில் இடமாற்றம் நடக்கும். பேச வேண்டிய சொற்கள் முன்பு பேசியபடியே இருக்க வேண்டும். ‘வெடிச்சுத் தொலைச்சிடும்’ என்பதில் ‘தொலைச்சிடும்’ தேவையா என்று நெடுக்குப் பிரிவு கேட்டது. அதில்தான் வேகம் இருக்கிறது என்று வட்டப் பிரிவு வாதிட்டதால் அது தக்கவைக்கப்பட்டது. பேச்சு உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக இயக்குநரின் மொட்டைமாடியில் அரசு செலவில் தக்காளிச் செடிகள் வளர்க்கப்பட்டன. யாரையும் கேட்காமல் தாமாகப் பறிப்பது ‘சுயேச்சைப் பறிப்பு’ என்று பெயரிடப்பட்டு, அதைச் செய்பவர்களின் சிவப்புத் தொப்பி பறிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பயிற்சியாளரையும் விட்டுவிடவில்லை. தோட்டக்காரர்களுக்குப் பொறுமைப் பயிற்சி கொடுக்க அவரை வைத்துக்கொண்டார்கள்.

தோட்டக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்று ஆனா சார் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தார். அவர்கள் வரிசையில் நின்று ஒலிபெருக்கி வாங்கிக்கொண்டு போனார்கள். யார் வீட்டு ஒலிபெருக்கி பெரிசு என்று பெண் கொடுக்கிறவர்கள் விசாரிக்கும் அளவுக்கு விஷயம் போய்விட்டது. அக்காவுக்கு ‘முன்னோடி’ பட்டம் கிடைத்தது. நிலக்காரர் குத்தகையை இன்னொரு பயிருக்கு நீட்டித்தார். “ஆனா இந்தத் தடவையும் ஒண்ணும் வெடிக்கக் கூடாதும்மா” என்று மறக்காமல் சொன்னார்.

“அக்கா, மேகம் வந்தா நீயே பறிச்சுக்கோ. இவங்களை நம்பிக்கிட்டு இருக்காத” என்று ஆனா சார் அவள் காதோடு சொன்னார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஊரே ஒலிபெருக்கி கேட்டுப் பறிக்கும்போது நான் மட்டும் வானத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? அன்னைக்கு என்னைக் காப்பாத்துனது அதுதானேடா?” என்றாள்.

அடுத்த மழைக்காலம் வந்தது. காய்கள் செம்மை தட்டின. மேகம் திரண்டது. இயக்குநரகத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். இயக்குநர் காலர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, வீட்டு எண்ணை அழுத்தினார். ஊர் ஊராக ஒலிபெருக்கிகள் கரகரத்தன. தோட்டக்காரர்கள் கூடையோடு எழுந்து நின்றார்கள்.

கைப்பேசியிலிருந்து ஓர் இனிமையான பெண் குரல் வந்தது. “நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார். தயவுசெய்து காத்திருக்கவும்.”

வீட்டம்மா தம் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார். காலையிலேயே மேகத்தைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல், மொட்டைமாடித் தக்காளியை முழுவதும் பறித்து உள்ளே வைத்துவிட்ட கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மழை வந்துடும் சார், நீங்களே நேரடியா மைக்குல சொல்லிடுங்க” என்றார் ஆனா சார்.

“அது வேற முறைய்யா” என்றார் இயக்குநர். “காத்திருக்கச் சொல்றாங்க இல்ல?”

ஆனா சார் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். வழி நெடுகத் தோட்டங்களில் சிவப்புத் தொப்பிகள் வரிசையாக நின்றன. கூடைகள் காலியாக இருந்தன. ஒவ்வொரு மூலையிலும் அந்த இனிமையான குரல் திரும்பத் திரும்பக் காத்திருக்கச் சொன்னது. “பறிங்கய்யா, பறிங்க!” என்று அவர் வண்டியில் இருந்தபடியே கத்தினார். பயிற்சி பெற்றவர்கள் யாரும் அசையவில்லை. இரண்டு பேர் அவரைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்கள்.

அக்காவின் தோட்டத்துக்குள் செருப்போடு பாய்ந்து, கைக்கு எட்டிய முதல் தக்காளியைப் பறித்துவிட்டார்.

“அடப்பாவி!” அக்கா ஓடிவந்து அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். “சுயேச்சைப் பறிப்புடா அது! யாராவது பாத்தா என்ன ஆகும்? முன்னோடித் தோட்டத்துலயே முறைகேடுன்னு சொல்லமாட்டாங்க?” நாலாபக்கமும் பார்த்தாள். பறித்த தக்காளியை மறுபடி அதே காம்பில் பொருத்தி, விழுந்துவிடாமல் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நிலம் போயிடும்கா! பறிச்சுடுக்கா!”

“சும்மா இரு தம்பி. காத்திருக்கச் சொல்றாங்க, காது கேக்கலையா?”

மழை வந்தது. சாதாரண மழை இல்லை, வஞ்சகமில்லாமல் ஊற்றியது. தக்காளிகள் முதலில் ஒன்றிரண்டாக, பிறகு பாத்தி பாத்தியாக, சில வட்டமாகவும் சில நெடுக்காகவும் பிளந்தன. எந்த ஊரிலும் எந்தத் தோட்டத்திலும் ஒன்றும் மிஞ்சவில்லை. அக்கா நனைந்துகொண்டே அந்த ஒரு தக்காளியைப் பிடித்தபடி நின்றாள். அவள் பக்கத்தில் தம்பி சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

மழை விட்டதும் ஆய்வுக் குழு வந்தது. கூடவே நிலக்காரரும் வந்தார். எல்லாத் தோட்டமும் பார்த்துக் களைத்துப் போய் அக்காவின் தோட்டத்துக்கு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் உள்ளங்கையில் ஒரு தக்காளி முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் சிவந்து நின்றது.

“இது மட்டும் எப்படிம்மா வெடிக்கல?” என்றார் இயக்குநர்.

உண்மையைச் சொன்னால் தொப்பி போய்விடும். “பிடிச்சுக்கிட்டே இருந்தேங்க ஐயா” என்றாள் அக்கா. அதுவும் உண்மைதானே.

வட்டப் பிரிவு குனிந்து பார்த்தது. நெடுக்குப் பிரிவு மண்டியிட்டுப் பார்த்தது. ஊரிலேயே வெடிக்காத தக்காளி தம் நிலத்தில்தான் என்று தெரிந்ததும் நிலக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, குத்தகை அக்காவுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார். அக்கா தம்பியைப் பார்த்த பார்வையில், உன் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்ற கேள்வி இருந்தது.

அடுத்த மழைக்காலத்துக்கான புதிய விதி உடனே தயாரானது: மழை தொடங்கியது முதல் ஓயும் வரை ஒவ்வொரு தக்காளியையும் ஒருவர் கையில் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். தோட்டக்காரர்கள் கூட்டம் கூட்டினார்கள். ஊரில் இருக்கும் ஆட்களைவிடத் தக்காளிகள் அதிகம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீண்ட விவாதத்துக்குப் பிறகு அவர்களுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிஞ்சியது. அதை இயக்குநரகத்துக்கு அனுப்பினார்கள்: வலக்கையா, இடக்கையா?

பதில் எழுதும் பொறுப்பு வழக்கம்போலத் துணை அலுவலருக்கு வந்தது. அவர் வெகுநேரம் சன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, ஒரு தயக்கமும் இல்லாமல் எழுதினார்:

‘எந்தக் கை என்பது பின்னர் அறிவிக்கப்படும். அதுவரை அனைவரும் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு இருக்கவும்.’

சுற்றறிக்கை போய்ச் சேர்ந்த தினத்திலிருந்து ஊரில் ஒருவர்கூட அதை மீறவில்லை.